விஆர் கேமில் புராணம்: ஒரு ஹெட்செட் போதும்

விஆர் கேம் (கண்ணில் மாட்டும் ஹெட்செட் வழியே அந்த உலகத்துக்குள்ளேயே இருப்பதுபோல் காட்டும் விளையாட்டு) வைத்து வகுப்பில் புராணம் சொல்ல ஆசை, ஆனால் ஒரே ஒரு ஹெட்செட்தான் இருக்கிறதா? சரி, சமாளிக்கலாம். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ஹெட்செட்டில் காஸ்டிங் (படத்தை வேறு திரைக்கு அனுப்புவது) போட்டால் ஒரு பிள்ளை பார்ப்பதை மற்றவர்கள் டிவியில் பார்க்கலாம். ஆனால் கதையை முதலில் நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் கேம் புராணங்களைத் தன் இஷ்டத்துக்குக் கலந்துவிடும்: 2023-இல் வந்த அஸ்கார்ட்ஸ் ராத் 2 என்ற கேம் எகிப்தியத் தெய்வங்களின் நாட்டில் நடக்கிறது, ஆனால் அங்கே நாம் துரத்துவது நார்ஸ் (பழைய வட ஐரோப்பிய) புராணத்துத் தந்திரக்காரத் தெய்வம் லோகியை! (சண்டை அதிகம், மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும், அதுவும் நீங்கள் முன்பே விளையாடிப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும்.) “இதில் வெளியூர்க்காரர் யார்?” என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், 10 வயதுக்குக் கீழே ஹெட்செட் வேண்டாம், மெட்டாவே அனுமதிப்பதில்லை. யாருக்காவது தலைசுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள்.