சோப்பு போட்டதும் மஞ்சள் கறை ஏன் சிவக்கிறது?

வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிடுகிறது. அவசரமாகச் சோப்பைப் போட்டுத் தேய்க்கிறோம். மஞ்சளாக இருந்த கறை சட்டென்று செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது. துணி பாழாகிவிட்டது என்று பயந்து, நூல் பிரியும் அளவுக்குத் தேய்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

இதே நிறமாற்றத்தை நல்ல நாள்களில் நாமே வேண்டுமென்று செய்கிறோம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு துளி சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதுதான் வேட்டியிலும் நடக்கிறது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரம் பட்டால் சிவக்கும் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான காரம்). சலவை சோப்பும் சுண்ணாம்பும் அந்தக் காரத்தில் சேர்ந்தவை. சோப்பு போகும்வரை அலசினால் கறை பழையபடி மஞ்சளாகிவிடும்.

அந்த மஞ்சளும் போக வேண்டுமே? குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அதனால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க சோப்பு தேவைதான். ஆனால் மீதி வேலையை வெயிலிடம் விட்டுவிடுங்கள். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். கறை பட்ட பக்கம் வெயிலைப் பார்க்கும்படி காயப் போட்டால் நாளாக நாளாக மங்கும். நிழலில் உலர்த்திவிட்டு, கறை போகவில்லை என்று சோப்பைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. இன்னொன்று: கறை சீக்கிரம் போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு எலுமிச்சையையோ வினிகரையோ கலக்கவே கூடாது. அதிலிருந்து குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும்.

சமையலறையில் நிறம் மாறுவது மஞ்சள் மட்டுமா? கீரையும்தான். அதை மூடி வேகவைக்காதே என்று பாட்டிகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு உண்டு. சூட்டில் கீரையிலிருந்து வெளிவரும் அமிலம் அதை வெளியேற்றிவிட்டால், பச்சை போய்ப் பாசிபிடித்த பழுப்பு வந்துவிடும். மூடி போட்டால் ஆவியோடு போகவேண்டிய அமிலமும் பாத்திரத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. புளியை முதலிலேயே ஊற்றினாலும் இதே கதிதான், கடைசியில் ஊற்றுங்கள். சமையல் சோடா போட்டால் பச்சை நிற்கும், உண்மைதான். ஆனால் கீரை கூழாகும், வைட்டமின் சி-யும் குறையும். பார்வைக்கு மட்டும் சமைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாழைப்பூவை முழுக்க நறுக்கி முடித்துவிட்டு மோரைத் தேடுகிறவர்கள் உண்டு. அதற்குள் அது கறுத்திருக்கும். நறுக்கிய இடத்தில் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் ஒரு நொதி காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. மோரின் புளிப்பு அந்த நொதியை அடக்கும், காற்றையும் தடுக்கும். வந்த கறுப்பை அதனால் திருப்ப முடியாது. எனவே மோர்ப் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கத்தியையே எடுக்க வேண்டும்.

எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்த ஊறுகாயில் பூண்டு பச்சையாகவோ நீலமாகவோ மாறினால் அதைக் கொட்டிவிடுகிறார்கள். பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தில் செய்யும் வேலை அது. நாற்றமோ பூஞ்சையோ இல்லையென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். சீனாவில் இப்படிப் பச்சையாக வரவேண்டும் என்றே பூண்டை வினிகரில் ஊறவைக்கிறார்கள்.

உருளைக்கிழங்கு விஷயத்தில் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். தோல் பச்சையானதற்குக் காரணம் வெளிச்சத்தில் உண்டாகும் பச்சையம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அதே வெளிச்சத்தில் சோலனின் என்ற நச்சும் கூடியிருக்கலாம். அது வேகவைத்தாலும் பொரித்தாலும் சரியாகப் போகாது. கொஞ்சம் பச்சை என்றால் அந்த இடத்தை ஆழமாகச் செதுக்கி எறியுங்கள், நிறைய என்றால் கிழங்கையே எறியுங்கள். கிழங்குக் கூடையை ஜன்னலோரத்திலிருந்து இருட்டான மூலைக்கு மாற்றிவிடுங்கள்.