நட்சத்திரம் உடுத்தியதைத் தைக்கக் கொடுக்கிறீர்களா?

எண்பதுகளில் நடிகை நதியாவைப் பார்த்து நதியா கம்மல், நதியா வளையல், நதியா கொண்டை. அதற்கு ரொம்ப முன்னால் நடிகர் தியாகராஜ பாகவதரைப் பார்த்து பாகவதர் கிராப்பு. இப்போது ரீல்ஸில் வந்த பிளவுஸ். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் சேலம் கடைவீதியில் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்கிறவர்கள் இதில் காசை விடுகிற இடங்கள் சில உண்டு.

பெரிய தவறு, டெய்லரிடம் செல்போனை நீட்டி "இதே மாதிரி" என்பது. படத்தில் தெரிவது முன்பக்கம் மட்டும். பின்கழுத்து எவ்வளவு இறக்கம், உள்ளே லைனிங் உண்டா, ஹூக்கா ஜிப்பா, ஒன்றும் தெரியாது. படப்பிடிப்பில் பல நேரம் உடையை உடம்போடு வைத்துப் பின் குத்திப் பிடித்திருப்பார்கள். நீங்களோ போன வருடத்து அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். பின்கழுத்து ஆழமாக இறங்கினால் தோள் நழுவும். அதைப் பிடிக்கத்தான் மேலே நாடா. அது வெறும் அலங்காரம் என்று வேண்டாமென்றவர்களைக் கல்யாண மண்டபத்தில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம், தோளை இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பின்பக்கமும் கையும் தெரிகிற படமாகத் தேடிக் கொடுங்கள். காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி, மேல்துணி பொம்மிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது நிறம். ஏற்காடு அடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தை எடுத்த காலத்திலிருந்தே, திரையில் தெரியும் நிறமும் துணியின் நிறமும் ஒன்றில்லை. இப்போது போதாக்குறைக்கு ஃபில்டர் வேறு. சேலையைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

நடிகை பெயர் வைத்த சேலை என்றால் இன்னும் கவனம். பெயர் தரத்துக்குச் சான்று ஆகாது. விசைத்தறிச் சேலை குறைந்த விலைக்குக் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், கைத்தறிப் பட்டு விலை கொடுத்து வாங்காதீர்கள். முந்தானைக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்தினால், பட்டு முடி கருகும் வாசனையோடு எரிந்து, சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாகத் திரளும். சில்க் மார்க் முத்திரை தூய பட்டு என்று மட்டும் சொல்லும். கைத்தறியா என்பதற்கு வேறு முத்திரை உண்டு. மாப்பிள்ளை வேட்டிக்கு எந்த ஹீரோவையோ பார்த்து வெளியூர் போகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தம்தான். புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு அம்மாப்பேட்டைப் பக்கமே நெய்யப்படுகிறது.

இன்னொன்று, ஸ்டைலை உருவாக்கியவர்கள் எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்தார்கள் என்று நினைப்பது. அவர்களும் பார்த்துச் செய்தவர்கள்தான். தாகூர் குடும்பத்து மருமகள் ஞானதானந்தினி தேவி, 19ஆம் நூற்றாண்டில் பம்பாயில் பார்சிப் பெண்கள் உடுத்துவதைப் பார்த்தார். முந்தானையை இடது தோளுக்கு மாற்றினார். வலது கை வேலைக்குத் தோதாக இருந்தது. ஜாக்கெட், பாவாடையோடு சேலை கட்டும் அந்த முறை வங்காளத்தில் பரவியது. பிரான்ஸில் ஆடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல், அதுவரை பெரும்பாலும் ஆண்களின் உள்ளாடைக்குப் போய்க்கொண்டிருந்த ஜெர்சி என்ற பின்னல் துணியைப் பெண்களின் உடைக்குக் கொண்டுவந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் நல்ல துணிக்குத் தட்டுப்பாடு. ஜெர்சி விலையும் குறைவு. இரண்டு பேருமே பார்த்ததைத் தங்கள் தேவைக்கு வளைத்தவர்கள். நம் டெய்லரிடம் "கழுத்து இந்தப் படம், கை எனக்குப் பழகிய முழங்கை நீளம்" என்று சொல்ல ஏன் கூச்சம்?

அப்புறம் ஏற்காடு போட்டோ ஷூட். ஹீரோ வெளிநாட்டுப் பனியில் போட்ட தோல் ஜாக்கெட்டை வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், வெயில் அடித்தால் உள்ளே வேர்த்துக் கொட்டும். பனிமூட்டம் இறங்கினால் ஷிஃபான் ஈரம் கோத்து உடம்போடு ஒட்டும். கொஞ்சம் கனமான காட்டன் சில்க் நின்று கொடுக்கும். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து, மேலே போய் உடை மாற்றிக்கொள்ளுங்கள். சேஃப்டி பின் ஒரு டஜனாவது கையில் இருக்கட்டும்.