வெப் டிசைன் கத்துக்கற விஷயமா, கூடவே பொறக்கறதா?

"நமக்கு டிசைன் சென்ஸ்லாம் வராதுப்பா, நான் கோடிங் மட்டும் பாத்துக்கறேன்"னு சொல்ற டெவலப்பருங்க ஊர்பட்ட பேரு. வெப் டிசைன்ல பாதிக்கு மேல அளந்து பாக்கற விஷயம்தாங்க, அத எவனும் கத்துக்கலாம்.

மொதல்ல கண்ணைப் பழக்குங்க. உங்களுக்குப் புடிச்ச ஒரு பக்கத்த குரோம்ல தொறந்து, ரைட் கிளிக் பண்ணி இன்ஸ்பெக்ட் போங்க, தலைப்பு எத்தன பிக்சல், பத்தி எத்தன, நடுவுல எவ்ளோ மார்ஜின்னு குறிச்சு வச்சுக்கிட்டு, மூடிட்டு, அதே பக்கத்த நீங்களே கட்டிப் பாருங்க. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா சொதப்பல் பெரும்பாலும் இடைவெளிலதான் இருக்கும், கலர்ல இல்ல. (இது பழகறதுக்கு மட்டும், அப்படியே கிளையன்ட் தலையில கட்டிடாதீங்க.)

பத்தி எழுத்து 16 பிக்சலுக்குக் கீழ வேணாம். கான்ட்ராஸ்ட், அதாவது எழுத்து கலருக்கும் பின்னணி கலருக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், குறைஞ்சது 4.5:1 இருக்கணும். வெள்ளை மேல #999ங்கற கலர் கோடுல வர்ற சாம்பல் ஸ்டைலாத்தான் தெரியும், ஆனா அது 2.85:1 தான் வரும், வெயில்ல நின்னு போன் பாக்கறவருக்கு ஒண்ணுமே தெரியாது. இன்னும் கொஞ்சம் அடர்த்தியான #767676 போட்டா தப்பிச்சீங்க.

தமிழ் சைட்டுன்னா லோரம் இப்சம் (எடத்த நிரப்பப் போடற அர்த்தமில்லாத லத்தீன் எழுத்து) போட்டு டிசைன் பண்ணவே பண்ணாதீங்க. இங்கிலீஷ்ல 'அப்ளை'ன்னு குட்டியா இருந்த பட்டன்ல 'விண்ணப்பிக்கவும்'னு போட்டதும் 360 பிக்சல் அகல போன்ல எடம் பத்தாம வெளிய வழிஞ்சு நிக்கலாம். மேல புள்ளி, கீழ சுழின்னு எழுத்துக்கு எடம் வேணும், அதனால லைன் ஹைட்ட, அதாவது ஒரு வரிக்கு விடற உயரத்த, எழுத்து சைஸ்ல 1.7 மடங்கு கிட்ட வச்சுப் பாருங்க.

சரி, கிரியேட்டிவிட்டி? அதுக்கும் வழி இருக்கு. 2003ல டேவ் ஷேன்னு ஒருத்தர் சிஎஸ்எஸ் ஸென் கார்டன்னு ஒரு சைட் ஆரம்பிச்சார், பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்ற எச்டிஎம்எல்ல கை வைக்கக் கூடாது, அது எப்படித் தெரியணும்னு சொல்ற சிஎஸ்எஸ்ஸும் படமும் மட்டும் மாத்தலாம், அவ்ளோதான் ரூல். ஒரே பக்கம் ஆளாளுக்கு வேற வேற மாதிரி வந்துச்சு. நீங்களும் ஒரு மெஸ் மெனுவ எச்டிஎம்எல்ல எழுதிக்கிட்டு, படமே இல்லாம ஒண்ணு, கறுப்பு வெள்ளைல ஒண்ணு, ஒரே ஃபான்ட் ஒரே சைஸ்ல ஒண்ணுன்னு பண்ணுங்க. மொத வெர்ஷன் எங்கயோ பாத்த மாதிரிதான் இருக்கும், பரவால்ல, கட்டுப்பாடு ஏற ஏறத்தான் சொந்தமா ஏதாவது தோணும்.

முடிச்சதும் வீட்ல யார்கிட்டயாவது போனைக் குடுத்து "நல்லாருக்கா"ன்னு கேக்காதீங்க, நல்லாருக்குன்னுதான் சொல்வாங்க. "இதுல சாப்பாடு எவ்ளோன்னு பாத்து சொல்லு"ன்னு கேட்டுட்டு வாய மூடிட்டு அவங்க விரல் எங்க போகுதுன்னு பாருங்க, எங்க தடுமாறுதோ அங்கதான் அடுத்த வேலை.