தொடக்கப் பள்ளி ஆசிரியர் பட்டப்படிப்பு: 26 என்ற தவறான விடையிலிருந்து தொடங்குவோம்

52-இல் 38 போனால் எவ்வளவு? 14. உங்களுக்கு இது ஒரு நொடி வேலை. ஏழெட்டு வயதுக் குழந்தைகளிடம் இதே கணக்கைக் கொடுத்தால் சிலர் 26 என்று எழுதித் தருவார்கள். கவனக்குறைவு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டு அடுத்த நோட்டை எடுக்கலாம். ஆனால் அந்த விடையைச் சற்றுப் பாருங்கள்: 8-இல் 2 போனால் 6, 5-இல் 3 போனால் 2. "பெரியதிலிருந்து சிறியதைக் கழி" என்று யாரோ சொல்லிக்கொடுத்ததை அந்தக் குழந்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறது.

சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எதற்குப் பட்டம் என்று கேட்பவர்களிடம் இந்த 26-ஐத்தான் நான் காட்டுவது வழக்கம். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கக் கற்பதற்கே இத்தனை ஆண்டுகள் பிடிக்கின்றன. புதிதாகச் சேரப்போகிறவர்களுக்காக, நான் தட்டுத்தடுமாறி நடந்த வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்க்காதீர்கள். மூன்று கேள்விகளுக்கு நேரான பதில் வாங்குங்கள். இந்தப் பட்டம் எந்த வகுப்பு வரை கற்பிக்கத் தகுதி தருகிறது? பட்டத்துக்குப் பிறகு தனியாகத் தகுதித் தேர்வோ பதிவோ தேவையா? பள்ளியில் கற்பித்தல் பயிற்சி எந்த ஆண்டில் தொடங்கி எத்தனை வாரம் நடக்கும்? முதலிரண்டும் இடத்துக்கு இடம் மாறும். எழுத்தில் பார்த்து உறுதிசெய்யுங்கள். மூன்றாவதுதான் படிப்பின் தரத்தைக் காட்டும். கடைசிப் பருவத்தில் மட்டும் பள்ளிக்கு அனுப்பும் படிப்பு, நீச்சலைப் புத்தகத்தில் படிக்கவைத்துவிட்டுக் கடைசியில் ஆற்றில் இறக்கிவிடுவதைப் போன்றது.

முடிந்தால் அனுமதி பெற்று ஒரு தொடக்க வகுப்பின் பின்வரிசையில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

படி 2: தெரிந்ததை மறுபடியும் படியுங்கள்

முதலாண்டில் பலரையும் எரிச்சலூட்டும் பகுதி இது. கூட்டல், பின்னம், எழுத்து எல்லாம் நமக்குத் தெரியாதா என்று தோன்றும். அரைப்பங்கை விடக் கால்பங்கு ஏன் சிறியது என்று, நான்கு இரண்டை விடப் பெரியது என்பதில் உறுதியாக நிற்கும் குழந்தைக்கு, விதியைச் சொல்லாமல் விளக்கிப் பாருங்கள். வியர்த்துவிடும்.

தமிழ் கற்பிக்கப் போகிறவர்கள் 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காதில் முதலில் விழுவது க் என்ற மெய், பிறகுதான் ஒகரம். கையால் எழுதும்போதோ கொம்பு முதலில் வருகிறது, கால் கடைசியில் வருகிறது, நடுவில் க நிற்கிறது. ஒரே உயிரொலியின் குறி இரண்டாக உடைந்து மெய்யின் இரு பக்கமும் நிற்கிறது. கொம்பை விட்டுவிட்டுக் கால் மட்டும் போட்டு 'கா' என்று எழுதும் குழந்தையிடம் இந்தச் சிக்கலைத்தான் நாம் பார்க்க வேண்டும். நமக்கு இது பழகிப்போய் மறந்துவிட்டது. மறந்ததை மீட்பதுதான் இந்தப் படியின் வேலை.

படி 3: கல்வி உளவியலை மனப்பாடம் செய்யாமல் செய்து பாருங்கள்

குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிஸ் உளவியலாளர் பியாஜேயின் வளர்ச்சி நிலைகளைத் தேர்வுக்காக ஒப்பிப்பவர்கள் ஏராளம். அவருடைய சோதனையை ஒரு முறையேனும் நீங்களே செய்யுங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் சம அளவு தண்ணீர் ஊற்றுங்கள். குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றிலுள்ள தண்ணீரை உயரமான ஒல்லியான பாத்திரத்துக்கு மாற்றி, எதில் அதிகம் என்று கேளுங்கள். ஐந்து வயதுக் குழந்தை பெரும்பாலும் உயரமானதைக் காட்டும். எட்டு வயதுக் குழந்தை உங்களை ஒரு மாதிரியாகப் பார்க்கும்.

அத்தோடு நிறுத்திவிடாதீர்கள். 1970களில் மெகாரிகிள், டொனால்ட்சன் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் சமமான இரு வரிசை வில்லைகளை வைத்து இதேபோன்ற சோதனையைச் சற்று மாற்றிச் செய்தார்கள். பெரியவர் ஒரு வரிசையைக் கலைப்பதற்குப் பதிலாக, ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைத்துவிடுவதாக விளையாட்டு. இப்போது சரியாகச் சொன்ன சிறு குழந்தைகளின் எண்ணிக்கை கணிசமாகக் கூடியது. பெரியவர் ஒன்றை மாற்றிவிட்டு மறுபடி அதே கேள்வியைக் கேட்டால், முன்பு சொன்னது தவறு போலும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளக்கூடும். ஆசிரியர் கேள்வி கேட்கும் விதமே விடையை மாற்றிவிடும் என்பதை எனக்கு எந்த விரிவுரையும் இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

1934-இல் 37 வயதில் இறந்துபோன ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியிடமிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தக் குழந்தை தனியாக எதைச் செய்யும், கொஞ்சம் கைகொடுத்தால் எதைச் செய்யும்? அமெரிக்க உளவியலாளர் புரூனரிடமிருந்து ஒரு வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள்: முதலில் கையால் செய்வது, பிறகு படம், அதன் பிறகே குறியீடு. நம் 52 − 38 கணக்கு பெரும்பாலும் தலைகீழாக, குறியீட்டில்தான் தொடங்கப்படுகிறது.

படி 4: முதல் பாடக்குறிப்பு

பட்டப்படிப்பில் நீங்கள் அதிகமாக எழுதப்போவது இதைத்தான். அதிகமாகத் திருத்தப்படப்போவதும் இதுதான்.

நோக்கம் ஒன்றே ஒன்று இருக்கட்டும். அது கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். "மாணவர்கள் கழித்தலைப் புரிந்துகொள்வர்" என்று எழுதாதீர்கள்; புரிதலை யார் கண்டது? "பத்துக் குச்சிகள் கொண்ட கட்டு ஒன்றைப் பிரித்து, ஈரிலக்கக் கழித்தலைச் செய்துகாட்டுவர்" என்று எழுதினால், செய்தார்களா இல்லையா என்று சொல்லிவிட முடியும். அமெரிக்கக் கல்வியியலாளர் புளூமும் அவருடைய குழுவினரும் 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாட்டை, ஆண்டர்சனும் கிராத்வோலும் 2001-இல் திருத்தியபோது, பெயர்ச்சொற்களாக இருந்த நிலைகளை நினைவுகூர், புரிந்துகொள், பயன்படுத்து என்று வினைகளாக மாற்றினார்கள். அதையும் அப்படியே நகலெடுக்காமல், குழந்தை என்ன செய்யும் என்று உடைத்து எழுதுங்கள்.

அடுத்து நிகழ்வுகள். ஐந்து கட்டுகளும் இரண்டு உதிரிக் குச்சிகளும் மேசைமேல் இருக்கின்றன. 38 எடுக்க வேண்டும். எட்டு உதிரி வேண்டும், இருப்பதோ இரண்டு. என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். யாராவது ஒருவர் கட்டை அவிழ்ப்பார். இப்போது நான்கு கட்டுகள், பன்னிரண்டு உதிரிகள். 'கடன் வாங்குதல்' என்ற சொல்லை அதன் பிறகே சொல்லுங்கள். சொல்லாமல் விட்டாலும் குற்றமில்லை. வாங்கிய கடனை யாருமே திருப்பித் தராத இந்தச் சொல்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

பக்கத்தின் ஓரத்தில் ஒரு கட்டம் விட்டு, எதிர்பார்க்கும் தவறான விடைகளை எழுதிவையுங்கள். பாடம் முடியும்போது 61 − 27 என்று ஒரே ஒரு கணக்கைக் கொடுங்கள். 34 என்று எழுதியவர்கள் ஒரு பக்கம். 46 என்று எழுதியவர்களுக்கு நாளை மறுபடியும் குச்சி.

நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நாற்பது நிமிடத்துக்கு நான் திட்டமிட்ட முதல் பாடம் பதினேழாவது நிமிடத்தில் முடிந்துவிட்டது. குழந்தைகளிடம் நான் எதையும் செய்யச் சொல்லவில்லை. நானே பேசித் தீர்த்துவிட்டேன். மீதி இருபத்து மூன்று நிமிடம் எப்படிப் போனது என்று இங்கே எழுதப்போவதில்லை.

படி 5: நுண்ணிலைக் கற்பித்தல்

1963-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஐந்து முதல் பத்து நிமிடப் பாடம், ஒரே ஒரு திறன், உடனே கருத்துரை, பிறகு மறுபடியும் அதே பாடம். சக மாணவர்கள் குழந்தைகளாக நடிப்பது அசட்டுத்தனமாகத்தான் இருக்கும். சிரித்து முடித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் பழக வேண்டிய திறன் மௌனம். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தது தெரியவந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. பேசாத குழந்தைகளும் பேசத் தொடங்கினர். கேள்வி கேட்டதும் மனதுக்குள் மூன்று வரை எண்ணுங்கள். மேடையில் வசனம் மறந்து நிற்பவரைப் போல உணர்வீர்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

படி 6: பள்ளியில் கற்பித்தல் பயிற்சி

முதல் வாரம் பெயர்களுக்கு. இருக்கை வரைபடம் ஒன்று போட்டுக்கொண்டு எல்லாப் பெயர்களையும் படியுங்கள். வகுப்பாசிரியர் பாடம் நடத்துவதைக் கவனிப்பதோடு, சத்தம் கூடும்போது அவர் எங்கே போய் நிற்கிறார், யாருடைய மேசையைத் தொடுகிறார் என்றும் பாருங்கள். சொல்லிக்கொடுக்கச் சொன்னால் அவருக்கே சொல்லத் தெரியாத வித்தைகள் அவை.

குச்சி, தாள், வண்ணம் எதுவானாலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லி முடித்த பிறகே கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுச் சொன்னால் யாருக்கும் காது கேட்காது.

இதற்கென்று ஒரு நோட்டு வாங்குங்கள். பயிற்சிப் பதிவேடு மதிப்பெண்ணுக்கானது, அது வேறு. இந்த நோட்டில் நாளுக்கு ஒன்றாகக் குழந்தை சொன்ன தவறான விடையை அதன் சொற்களிலேயே எழுதி, அதற்குக் கீழே அது எந்த விதியிலிருந்து வந்திருக்கும் என்று ஊகித்து எழுதுங்கள். தெரியாவிட்டால் மறுநாள் அந்தக் குழந்தையிடமே போய், "நீ எப்படிச் செய்தாய், எனக்கும் சொல்லித் தருவாயா?" என்று கேளுங்கள். தேர்வுக்குப் படிக்கும்போதும் இந்த நோட்டு உதவும்: வைகாட்ஸ்கியைப் பற்றிப் பத்து மதிப்பெண் கேள்வி வந்தால், எடுத்துக்காட்டு உங்கள் வகுப்பிலேயே இருக்கும்.

என் நோட்டின் மூன்றாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. கட்டை அவிழ்த்து, எட்டுக் குச்சிகளை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையில் மிஞ்சிய ரப்பர் வளையத்தைக் காட்டி ஒரு சிறுமி கேட்டாள்: "டீச்சர், இதை எங்கே எழுதுவது?" மறுநாள் பாடத்தை அந்த வளையத்தை வைத்துத்தான் தொடங்கினேன்.