ஒரே ஷீட்டில் பல பேனல்கள்: லேயர்களை அடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருமண ஆல்பத்தின் ஒரு ஷீட்டை, அதாவது எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்த விரிப்பை, போட்டோஷாப்பில் திறந்து, நான்கு படங்களை நான்கு லேயர்களாக (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்படும் தளங்களாக) இழுத்துப் போட்டு, கண்ணளவில் அருகருகே நிறுத்திவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகவே தோன்றும். சிறிதாக்கிய திரைக்காட்சியில் குறை எதுவும் தெரியாது. அச்சாகி வந்த பிறகுதான் ஓர் இடைவெளி அகன்றும் இன்னொன்று குறுகியும் இருப்பதும், மணமகளின் முகத்தின் குறுக்கே மடிப்புக் கோடு ஓடுவதும், ஒரு பேனலில் மட்டும் படம் மங்கலாக இருப்பதும் கண்ணில் படும். இத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து முளைப்பவை. பேனல் என்பது சட்டம். படம் என்பது அந்தச் சட்டத்துக்குள் வைக்கப்படுவது. சட்டம் எங்கே, எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது ஒரு முடிவு. படத்தின் எந்தப் பகுதி அதனுள் தெரிய வேண்டும் என்பது வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே லேயருக்குள் திணித்து ஒரே நேரத்தில் தீர்க்க முயல்வதுதான் அந்த வேர்.

முதல் தவறு, கணக்குப் போடாமல் தொடங்குவது. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் பரவலாகப் புழங்கும் 12×36 ஷீட்டை எடுத்துக்கொள்வோம். விரித்த நிலையில் 36 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் உள்ள இந்த ஷீட், அங்குலத்திற்கு 300 பிக்சல் என்ற அளவில் 10800×3600 பிக்சல் ஆகிறது. நான்கு புறமும் அரை அங்குலம், அதாவது 150 பிக்சல் ஓரம் விட்டு, நான்கு சம பேனல்களை 75 பிக்சல் இடைவெளியுடன் வைக்க நினைத்தால், மிஞ்சும் 10275 பிக்சலை நான்கால் வகுக்க வேண்டும். ஒவ்வொரு பேனலுக்கும் 2568.75 பிக்சல் வரும். முக்கால் பிக்சல்தானே என்று விட்டுவிடுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. விளிம்பு பிக்சலின் நடுவில் விழும்போது, மென்பொருள் அந்த ஒரு பிக்சலைப் பாதி ஒளிபுகும் நிலையில் வரைகிறது. விளிம்பு கூர்மை இழக்கிறது. இடைவெளியே இல்லாமல் ஒட்டி நிற்கும் பேனல்களில் இது இன்னும் மோசம். இரு பக்கத்துப் பாதிப் பிக்சல்களும் சேர்ந்தும் அந்த இடத்தை முழுமையாக மூடாததால், பின்னணி நிறம் தலைமுடி போன்ற மெல்லிய கோடாக எட்டிப் பார்க்கும். தீர்வு மிக எளிது. இடைவெளியை 75-இலிருந்து 76 ஆக்கினால் மிஞ்சுவது 10272. நான்கால் வகுத்தால் சரியாக 2568. வியூ மெனுவில் உள்ள நியூ கைடு லேஅவுட்டில் நான்கு பத்தி, 76 பிக்சல் இடைவெளி, 150 பிக்சல் ஓரம் என்று கொடுத்துவிட்டால் கைடுகள் எனப்படும் வழிகாட்டிக் கோடுகள் தாமாகவே வரிசையாக விழும். ஸ்னாப் வசதியையும் இயக்கிவிட்டால் சட்டங்கள் கைடுகளில் ஒட்டிக்கொள்ளும்.

பேனல்களின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போதே மடிப்பையும் பார்க்க வேண்டும். மேற்சொன்ன நான்கு பேனல் அமைப்பில், ஷீட்டின் நடுவான 5400-ஆவது பிக்சல், இரண்டாம் பேனலுக்கும் மூன்றாம் பேனலுக்கும் இடையிலான இடைவெளியின் நட்ட நடுவில் விழுகிறது. மடிப்பு யாருடைய முகத்தையும் தொடுவதில்லை. அதே ஓரத்துடன் மூன்று சம பேனல்கள் வைத்தால், நடுப் பேனலின் சரிபாதியில் மடிப்பு விழும். தாலி கட்டும் படம்தான் முக்கியமானது என்று அதை நடுவில் வைப்பார்கள். மணமகன் கை, மஞ்சள் கயிறு, மணமகளின் கழுத்து மூன்றும் சேருமிடத்திலேயே கோடு விழுந்திருக்கும். இப்போதைய ஆல்பங்கள் தட்டையாக விரிவதால் படம் எதுவும் மடிப்புக்குள் மறைவதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் விளக்கொளி பக்கவாட்டில் பட்டால் கோடு தெரியவே செய்யும். மூன்று பேனல் வேண்டுமானால் ஒன்றை ஒரு பக்கம் முழுவதும் பரப்பி, மற்ற இரண்டையும் அடுத்த பக்கத்தில் வைப்பது நல்லது. ஓரத்தில் கட்டிங்கில் எவ்வளவு போகும் என்பது ஆல்பத்தை அச்சிடும் லேபுக்கு லேப் மாறும். முதல் ஷீட்டைத் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது அது.

அடுத்தது, படத்தை வெட்டி எறிவது. பேனலுக்கு வெளியே நீளும் பகுதியைத் தேர்ந்தெடுத்து டிலீட் அழுத்துவது வேகமான வழி. ஆனால் வாடிக்கையாளர் மறுநாள் வந்து பக்கத்தில் நின்ற சித்தப்பாவும் தெரியட்டும் என்று கேட்கும்போது, அந்தச் சித்தப்பா கோப்பிலேயே இருக்க மாட்டார். இதற்குப் பதிலாக, செவ்வகக் கருவியால் வெற்றுச் சட்டங்களை ஷேப் லேயர்களாக முதலில் வரைந்து, ஒவ்வொரு சட்டத்தின் மேலும் அதற்குரிய படத்தை வைத்து, கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தி கிளிப்பிங் மாஸ்க் ஆக்கிவிட வேண்டும். சட்டத்துக்கு வெளியே உள்ள பகுதி மறைந்திருக்குமே தவிர அழியாது. படத்தை எப்போது வேண்டுமானாலும் சட்டத்துக்குள் நகர்த்தலாம். போட்டோஷாப் சிசி 2019 பதிப்பில் வந்த ஃபிரேம் கருவியும் இதே வேலையைச் செய்வதுதான். லேயரின் ஒரு பகுதியை மறைக்கும் லேயர் மாஸ்க் போட்டு வேலை செய்பவர்கள், படத்துக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் உள்ள சங்கிலிக் குறியைச் சொடுக்கி நீக்க மறந்துவிடுகிறார்கள். அது இருக்கும் வரை படத்தை நகர்த்தினால் சட்டமும் கூடவே நகர்ந்துவிடும்.

வெற்றுச் சட்டங்களை முதலில் வரையச் சொல்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. லேயர்களை ஒரே வரிசையில் நிறுத்தும் அலைன் கட்டளைகள் லேயரில் உள்ள உருவத்தின் எல்லையை வைத்து இயங்குபவை. கிளிப் செய்யப்பட்ட படங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால், கண்ணுக்குத் தெரியாமல் சட்டத்துக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. வரிசைப்படுத்த வேண்டியவை சட்டங்கள். அதையும் படம் ஏறுவதற்கு முன்பே செய்துவிட வேண்டும்.

பேனல்களைச் சமமாகப் பரப்பும் டிஸ்ட்ரிபியூட் கட்டளையிலும் ஒரு பொறி இருக்கிறது. நடுப்புள்ளிகளைப் பரப்புவது வேறு, இடைவெளிகளைப் பரப்புவது வேறு. 5000, 3000, 2000 பிக்சல் அகலத்தில் மூன்று பேனல்கள் இருப்பதாகக் கொள்வோம். இடப்பக்கப் பேனல் 150-இல் தொடங்கி, வலப்பக்கப் பேனல் 10650-இல் முடிகிறது என்றால், மிஞ்சும் 500 பிக்சல் இரண்டு இடைவெளிகளாக, தலா 250 என்று பிரிய வேண்டும். ஆனால் கிடைமட்ட நடுப்புள்ளிகளைப் பரப்பும் பொத்தானை அழுத்தினால், நடுப் பேனல் இடப் பேனலின் மேல் 500 பிக்சல் ஏறி அமர்ந்து, வலப்பக்கம் 1000 பிக்சல் வெற்றிடம் விட்டுவிடும். மென்பொருள் தவறு செய்யவில்லை. மூன்று நடுப்புள்ளிகளும் சம தூரத்தில்தான் இருக்கின்றன. எல்லாப் பேனல்களும் ஒரே அகலத்தில் இருக்கும்போது இரண்டு கட்டளைகளும் ஒரே விடையைத் தருவதால், பல காலம் இந்த வேறுபாடு தெரியாமலே வேலை ஓடிவிடுகிறது. அகலம் மாறும் ஷீட்டுகளில் டிஸ்ட்ரிபியூட் ஸ்பேசிங் என்பதையே பயன்படுத்த வேண்டும்.

படத்தின் தரம் கெடுவது பெரும்பாலும் அளவு மாற்றும் இடத்தில்தான். சாதாரண லேயராக உள்ள படத்தை ஒரு முறை சிறிதாக்கி என்டர் அழுத்தியவுடன் மிகுதிப் பிக்சல்கள் போய்விடுகின்றன. பிறகு பெரிதாக்கினால் மென்பொருள் இல்லாததை ஊகித்து நிரப்புகிறது. ஒரே ஷீட்டுக்கு நான்கைந்து அமைப்புகளை முயன்று பார்ப்பவர், ஒவ்வொரு முயற்சியிலும் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டே போகிறார். படத்தை ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக வைத்தால் மூலம் முழுமையாக உள்ளே இருக்கும். எத்தனை முறை மாற்றினாலும் கணக்கு மூலத்திலிருந்தே தொடங்கும். மூலமே சிறியதாக இருந்தால் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாலும் பயனில்லை. 6000×4000 பிக்சல் கேமரா படத்திலிருந்து 2568×3300 அளவுள்ள நெடும் பேனலைத் தாராளமாக எடுத்துவிடலாம். உறவினர் வாட்ஸ்அப்பில் சாதாரண தரத்தில் அனுப்பிய படமோ, பெரும்பாலும் நீளப் பக்கத்தில் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கி வந்திருக்கும். அதை அதே பேனலில் நிரப்பினால் இரண்டு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். அந்தப் படத்துக்குச் சிறிய பேனல் ஒதுக்குவது நல்லது. அதைவிட நல்லது, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லி மூலத்தைக் கேட்டு வாங்குவது.

ஸ்மார்ட் ஆப்ஜெக்டைப் பயன்படுத்துவோரும் ஓரிடத்தில் வழுக்குகிறார்கள். ஒரு பேனலை நன்றாக அமைத்த பின், கண்ட்ரோல், ஜே அழுத்தி அதை மூன்று நகல்களாக்கி, ஒன்றில் மட்டும் படத்தை மாற்ற ரீப்ளேஸ் கன்டென்ட்ஸ் கொடுப்பார்கள். நான்கு பேனல்களிலும் ஒரே படம் வந்து நிற்கும். அப்படி எடுத்த நகல்கள் அனைத்தும் ஒரே மூலத்தையே சுட்டுகின்றன என்பதுதான் காரணம். லேயர் பெயரின் மேல் வலச்சொடுக்கி, நியூ ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வயா காப்பி என்பதைத் தேர்ந்தால் நகல் தனி மூலத்தோடு பிறக்கும். நான்கு பேனலிலும் ஒரே படத்தைத் துண்டு துண்டாகக் காட்டும் அமைப்பில் மட்டும் முதல் வகை நகல் உதவும். அங்கே ஒரு முறை நிறம் திருத்தினால் நான்கும் சேர்ந்து மாறும்.

பழைய பதிப்பில் கை பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. முன்பெல்லாம் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டு மூலையை இழுத்தால்தான் படம் விகிதம் மாறாமல் அளவு மாறும். 2018 அக்டோபரில் வெளியான சிசி 2019 பதிப்பிலிருந்து இது தலைகீழானது. ஷிஃப்ட் இல்லாமல் இழுத்தால் விகிதம் காக்கப்படும், ஷிஃப்டோடு இழுத்தால் படம் நீளும். பழக்கத்தை மாற்றிக்கொள்ள முடியாதவர்களுக்காக அமைப்புகளில் பழைய முறைக்குத் திரும்பும் தேர்வும் உண்டு. ஐந்து சதவீதம் அகன்ற முகம் வடிவமைப்பவரின் கண்ணுக்குத் தெரியாது. முகத்துக்குச் சொந்தக்காரருக்கு உடனே தெரிந்துவிடும்.

நிறத் திருத்தத்தில் லேயர் வரிசையே பிழைக்குக் காரணமாகிறது. மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் எடுத்த படமும், வாசலில் பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும் அருகருகே வரும்போது ஒன்றை மட்டும் திருத்த வேண்டியிருக்கும். அதன் மேல் வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் ஒரு கர்வ்ஸ் லேயரைச் சேர்த்தால், அது கீழே உள்ள எல்லாப் பேனல்களையும் பாதிக்கும். அந்தப் படத்தோடு அதையும் கிளிப் செய்தாக வேண்டும். பேனல் ஒவ்வொன்றின் லேயர்களையும் குரூப்பாக்கி, அதாவது ஒரே தொகுப்பாக்கி, திருத்த லேயரை குரூப்புக்குள் போட்டுவிட்டால் அது வெளியே கசியாது என்று பலர் நம்புகிறார்கள். குரூப் பிறக்கும்போது அதன் கலப்பு முறை பாஸ் த்ரூ என்று இருக்கும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் திருத்தம் குரூப்புக்குக் கீழே உள்ள லேயர்களையும் சேர்த்தே மாற்றுகிறது. அதை நார்மல் என்று மாற்றினால்தான் திருத்தம் குரூப்புக்குள் அடங்கும். காரணம் தெரியாமல் பின்னணி நிறம் மாறிப்போய்த் தேடி அலைபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சட்டத்துக்கு வெள்ளைக் கோடு போடுவோர் ஸ்ட்ரோக்கை அவுட்சைடு என்று விடக் கூடாது. 20 பிக்சல் கோடு இரு பேனல்களிலும் வெளிப்பக்கம் வளர்ந்தால், கணக்குப் போட்டு வைத்த 76 பிக்சல் இடைவெளி 36 ஆகச் சுருங்கும், மூலைகளும் வட்டமாகிவிடும். இன்சைடு என்று வைத்தால் அளவும் மாறாது, மூலையும் கூராகவே நிற்கும்.

லேயர் பெயர்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்பது ஷீட்டுள்ள ஆல்பத்தில் லேயர் 1 காப்பி 3 என்ற பெயரோடு தேடுவது எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது வேலை செய்பவர்களுக்குத் தெரியும். பின்னணியைப் பூட்டிவிடுவதும், சொடுக்கிய இடத்து லேயரைத் தானாகவே தேர்ந்தெடுக்கும் மூவ் கருவியின் ஆட்டோ செலக்டை அணைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் கண்ட்ரோலோடு சொடுக்குவதும், தவறான லேயர் நகர்ந்துபோவதைப் பெருமளவு தடுக்கும்.

இலவசப் படத்திருத்த மென்பொருளான கிம்ப் பயன்படுத்துவோருக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். அங்கே கிளிப்பிங் மாஸ்க்குக்குப் பதில் லேயர் மாஸ்க்கைக் கொண்டே சட்டம் அமைக்க வேண்டும். அளவு மாற்றும் முன் மூலப் படத்தின் நகல் ஒன்றைக் கண் குறியை அணைத்து கீழே வைத்திருப்பது பாதுகாப்பு. லேயருக்கென்று தனி எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லைக்கு வெளியே தூரிகை வழக்கமாக வரையாது என்பதையும் புதிதாக வருபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

சேமிப்பில் நேரும் தவறுதான் திரும்பப் பெற முடியாதது. ஜேபெக் கோப்பில் லேயர்கள் தங்காது. எல்லாவற்றையும் ஃபிளாட்டன் செய்து, அதாவது ஒரே லேயராக்கி, லேயர்களைக் காக்கும் அதே பி.எஸ்.டி கோப்பின் மேலேயே சேமித்து மூடிவிட்டால், சட்டமும் படமும் மீண்டும் ஒன்றாகிப்போகும். முதலில் லேயர்களோடு பி.எஸ்.டியைச் சேமித்து, அதன்பின் நகலாக ஜேபெக் எடுக்க வேண்டும். 2021-இல் வந்த பதிப்பிலிருந்து ஜேபெக் வழக்கமாக சேவ் எ காப்பி என்பதன் கீழ்தான் கிடைக்கிறது. 10800×3600 அளவில் எட்டு பிட் ஆர்.ஜி.பி லேயர் ஒன்று முழுதாக நிரம்பினாலே சுமார் 11.7 கோடி பைட் ஆகும். ஸ்மார்ட் ஆப்ஜெக்டுகளும் சேர்ந்து கோப்பு 2 ஜி.பியைத் தாண்டினால் பி.எஸ்.டி ஏற்காது, பி.எஸ்.பி வடிவில் சேமிக்க வேண்டும். லேபுக்கு அனுப்பும் ஜேபெக்கை, லேப் வேறு ஏதும் கேட்காத வரையில், எஸ்.ஆர்.ஜி.பி நிறவெளியில் எடுத்து, அனுப்பும் முன் மீண்டும் திறந்து, பிக்சல் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, நூறு சதவீத அளவில் ஒவ்வொரு இடைவெளியையும் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட வேண்டும்.