சிற்றோடையில் புரூக் டிரவுட்: செயற்கை ஈயால் பிடிக்கும் முறை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் புளூ ரிட்ஜ் மலைத்தொடரில் உள்ள ஷெனாண்டோவா தேசியப் பூங்காவின் ஓடைகளில், ஏழெட்டு அங்குல நீளமுள்ள புரூக் டிரவுட் என்னும் நன்னீர் மீனைச் செயற்கை ஈயால் (தூண்டில் முள்ளில் இறகும் உரோமமும் கட்டிச் செய்த பூச்சி வடிவ இரையால்) பிடிக்கப் பழகுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிச்சுப் போடுவதற்கும் ரீலில் நூல் சுற்றுவதற்கும் நல்ல காணொளிகள் ஏராளமாக இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். 16 வயது நிரம்பியவர்கள் மாநில நன்னீர் மீன்பிடி உரிமம் பெற்றிருக்க வேண்டும். பூங்காவுக்குள் ஒற்றை முள் கொண்ட செயற்கை இரை மட்டுமே செல்லும், புழுவுக்கு இடமில்லை.

கடைக்காரர்கள் தொடக்கநிலையாளருக்கு 9 அடித் தூண்டில் கோலையும் 5-ஆம் எண் நூலையும்தான் (எண் நூலின் எடையைக் குறிக்கும்) எடுத்துக் காட்டுவார்கள். அகன்ற ஆற்றுக்கு அது சரி. தலைக்கு மேல் புதர்க் கிளைகள் கவிந்திருக்கும் சிற்றோடையில் அது பெருந்தொல்லை. ஏறத்தாழ 7 அடி நீளமும் 3-ஆம் எண் நூலும் போதும். கண்ணாடியிழைக் கோலையே நான் பரிந்துரைப்பேன். குறைந்த நீளமே நூல் வெளியில் இருந்தாலும் அது நன்றாக வளைந்துகொடுக்கும். அதனுடன் ஏழரை அடி லீடர், அதாவது நூலின் நுனியில் சேர்த்து ஈயைக் கட்டும் மெல்லிய இழை. ஈக்களில் 14-ஆம் எண் (முள்ளின் அளவு) எல்க் ஹேர் கேடிஸ், பாராசூட் ஆடம்ஸ் ஆகிய மிதக்கும் ஈக்கள் இரண்டும் இருந்தால் பெரும்பாலான நாள்களைக் கடத்திவிடலாம். இந்த ஓடைகளில் இரை குறைவு என்பதால் மீன் அவ்வளவாக வகை பார்ப்பதில்லை. முள்ளின் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

மீன் நீரோட்டத்தை எதிர்த்தே நிற்கும். ஆகவே எப்போதும் கீழிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும். மங்கிய நிற உடை அணிந்து, நிழல் நீரில் விழாதபடி குனிந்து செல்லுங்கள்.

இனி, பலரையும் வெறுங்கையோடு திரும்ப வைக்கும் இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு சிறு அருவிக்கும் கீழே ஒரு மடு இருக்கும். பழகாத கண் நுரை பொங்கும் தலைப்பகுதியையே நாடும். ஆனால் மடுவின் வால்பகுதியில், நீர் ஆழம் குறைந்து அடுத்த பாறைக்கு மேல் வழியத் தொடங்கும் இடத்திலும் ஒரு மீன் நிற்கும். அது மிரண்டு மேல்நோக்கிப் பாய்ந்துவிட்டால் மற்றவையும் பாறைக்கடியில் பதுங்கிவிடும். எனவே முதல் வீச்சு வாலுக்குத்தான். அதில் ஒரு சிக்கல் உண்டு: வழியும் விளிம்பில் நீர் வேகம் கூடுகிறது. உங்கள் நூல் அந்த விளிம்பின் மேல் விழுந்தால், அமைதியான நீரில் மிதக்க வேண்டிய ஈயை அது ஒரே நொடியில் இழுத்துவிடும். ஈயின் பின்னால் கோடு கிழித்தாற்போல அலை தெரியும், மீன் அதைத் தொடாது. இதற்கு வீச்சுத்திறமை மருந்தன்று. இன்னும் நெருங்கிச் சென்று, விளிம்புக்குக் கீழேயுள்ள பாறையின் பின்னால் மண்டியிட்டு, பன்னிரண்டு பதினைந்து அடித் தொலைவிலிருந்து வீசி, கோலின் நுனியை உயர்த்தி, நூல் முழுவதையும் லீடரின் பெரும்பகுதியையும் நீருக்கு மேலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். விளிம்பில் உலர்ந்த கல் ஏதேனும் இருந்தால் லீடரை அதன் மேல் கிடக்க விடுங்கள். ஈ மூன்று நொடி தானாக மிதந்தால் போதும்.

பின்னால் கோலை ஓங்க இடமில்லாதபோது, கோலின் நீளத்தளவு நூலை வெளியே விட்டு, கோல்பிடியோடு நூலை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, ஈயை முள்ளின் வளைவில் பிடித்து இழுத்துக் கோலை வில்லாக வளைத்து விட்டுவிடுங்கள். முள்ளின் கூர் விரலுக்கு வெளியே இருக்கட்டும்.

மீன் கவ்வியதும் கோல்நுனியை மெல்லத் தூக்கினால் போதும். வெடுக்கென்று இழுத்தால் ஆறங்குல மீன் உங்கள் தலைக்கு மேலே பறந்து புதரில் தொங்கும். கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றுங்கள். முதுகில் புழு நெளிந்தது போன்ற வரிகளும், பக்கவாட்டில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகளும், செவ்வாழை நிறத் துடுப்புகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கோடும் இருந்தால் அது புரூக் டிரவுட்தான். பெயரில் டிரவுட் என்றிருந்தாலும் அது டிரவுட்டுக்கு உறவான சார் (char) என்னும் மீனினத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த ஹெர்பர்ட் ஹூவர் 1929-இல் முகாம் அமைத்த, இப்பூங்காவிலுள்ள ரேபிடான் ஆற்றில், பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்பது விதி.

பின்சேர்க்கை: இரண்டாவது மீனுக்குப் பிறகு ஈ மிதக்கவில்லை என்று இதைப் படித்த சிலர் எழுதியிருந்தார்கள். மீனின் வழவழப்பு அதில் ஒட்டியிருப்பதே காரணம். ஈயை நீரில் அலசி, துணியில் ஒற்றி எடுத்து, உலர்த்தும் தூளில் குலுக்குங்கள். மிதவைக் களிம்பை உலர்ந்த ஈக்குத்தான் பூச வேண்டும், ஈரத்தின் மேல் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

கோடையில் செல்லலாமா என்றும் கேட்டிருந்தார்கள். வெப்பமானி ஒன்றைப் பையில் வைத்திருங்கள். நீர் 20 டிகிரி செல்சியசைத் தொட்டால் கோலை மடித்துவிடுங்கள், ஏனெனில் அந்தச் சூட்டில் போராடிய மீன் விட்ட பிறகும் இறந்துபோகக்கூடும். அக்டோபர், நவம்பர் மாதங்கள் முட்டையிடும் காலம். ஓடையடியில் சுற்றியுள்ள கற்களைவிட வெளுத்துத் துப்புரவாகத் தெரியும் கூழாங்கல் திட்டுகளில் முட்டைகள் இருக்கும் என்பதால், அவற்றை மிதிக்காமல் கரையோடு நடந்து செல்லுங்கள்.