மலைநாட்டுக் குளிரில் செப்பின் தடைத்திறனை அளத்தல்

செப்பின் தடைத்திறன் (கம்பியின் நீளத்தையும் தடிப்பையும் சாராமல் பொருளுக்கே உரிய மின்தடை அளவு) யாது என்று உயர்தரப் பௌதிகவியல் வீட்டுவேலையில் கேட்கப்பட்டால், பெரும்பாலான மாணவர்கள் அட்டவணையைப் புரட்டி 1.68 × 10⁻⁸ ஓம் மீற்றர் என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெறுமானம் 20 பாகை செல்சியசுக்கு உரியது. செப்பின் தடை ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் மாறுவதால், ஒரே கம்பியை நுவரெலியாவில் 16 பாகையில் அளந்தால் 1.65 எனவும், கொழும்பில் 28 பாகையில் அளந்தால் 1.73 எனவும் விடை வர வேண்டும். ஆகவே அளக்கத் தொடங்கும்போதே அறை வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

தடையைக் குறுக்குவெட்டுப் பரப்பளவால் பெருக்கி நீளத்தால் வகுத்தால் தடைத்திறன் கிடைக்கும். சூத்திரம் எளிது, கம்பியைத் தெரிவதில்தான் கவனம் வேண்டும். 0.20 மில்லிமீற்றர் விட்டமுள்ள செப்புக் கம்பியில் 1 மீற்றரின் தடை ஏறக்குறைய அரை ஓம் மட்டுமே. தடையை அளக்கும் பல்மானியின் இணைப்பு வயர்களுக்கே அவ்வளவு தடை இருக்கக்கூடும். எனவே 10 மீற்றர் கம்பி எடுப்பது நல்லது. தேயிலைத் தொழிற்சாலை மோட்டார்களுக்குச் சுருள் சுற்றிக் கொடுக்கும் கடைகளில் எனாமல் பூசிய கம்பித் துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். பூச்சு இருப்பதால் அதை அட்டையில் நெருக்கமாகச் சுற்றினாலும் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுஞ்சுற்றாகாது. பூச்சில்லாத கம்பியாயின் நேராக இழுத்துக் கட்ட வேண்டும். அதற்குத் தோட்ட வீட்டு வரிசையான லயத்தின் நீண்ட இஸ்தோப்பைவிட (முன் திண்ணையைவிட) வசதியான இடம் கிடையாது.

கம்பியின் இரு முனைகளையும் மண் கடதாசியால் தேய்த்துச் செப்பு பளபளக்கும்வரை பூச்சை அகற்றுங்கள். ஒரு டோர்ச் பற்றரி, ஆளி, அம்பியர்மானி, கம்பி ஆகியவற்றைத் தொடராக இணைத்து, வோல்ற்றுமானியைக் கம்பிக்குச் சமாந்தரமாக, கம்பியின் மீதே தொடுமாறு பொருத்துங்கள். அப்போது மற்ற இணைப்புகளின் தடை கணக்கில் நுழையாது. ஆளியை வாசிப்பு எடுக்கும் நேரத்துக்கு மட்டுமே மூடுங்கள். வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரத்தை இதற்கு எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது.

10 மீற்றர் கம்பிக்கு வோல்ற்றுமானி 1.32 வோல்ற்றும் அம்பியர்மானி 0.25 அம்பியரும் காட்டினால் தடை 5.28 ஓம். விட்டம் 0.20 மில்லிமீற்றர் என்றால் ஆரை 0.10 மில்லிமீற்றர், பரப்பளவு 3.14 × 10⁻⁸ சதுர மீற்றர்; தடைத்திறன் 1.66 × 10⁻⁸ ஓம் மீற்றர். ஆரைக்குப் பதிலாக விட்டத்தைப் பிரதியிட்டால் விடை நான்கு மடங்காகும். தாள் திருத்தும்போது நான் அதிகம் காணும் பிழை இதுதான்.

உண்மையான சிக்கல் விட்டத்தை அளப்பதில் இருக்கிறது. பரப்பளவில் விட்டம் வர்க்கமாக வருவதால், 0.20 இற்குப் பதிலாக 0.21 என்று வாசித்துவிட்டால் விடை 1.83 ஆகிவிடும்; நான்கு பாகைக் குளிர் உண்டாக்கும் மாற்றம் இதனோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பூச்சோடு சேர்த்து 0.23 என்று அளந்தால் 2.19 வரும். ஆகவே பூச்சை அகற்றிய இடங்களில், நுண்மானித் திருகுக் கணிச்சியின் (மெல்லிய தடிப்புகளை அளக்கும் கருவியின்) பூச்சிய வழுவை, அதாவது எதையும் பிடிக்காமல் மூடியபோதே அது காட்டும் பிசகை, முதலில் பார்த்துவிட்டு, ஒவ்வோரிடத்திலும் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து சராசரி எடுங்கள்.

கணிச்சி கிடைக்காத மாணவருக்கு, என் கருத்தில், அதைவிட நல்ல வழியே உண்டு. பூச்சில்லாத 10 மீற்றர் கம்பியைப் பாடசாலை ஆய்வுகூடத்தின் இலத்திரனியல் தராசில் நிறுத்துப் பாருங்கள். செப்பின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 8960 கிலோகிராம் என்பதால், 0.20 மில்லிமீற்றர்க் கம்பி 2.81 கிராம் காட்டும். திணிவை அடர்த்தியாலும் நீளத்தாலும் வகுத்தால் பரப்பளவு நேரடியாகக் கிடைக்கும், தராசு 0.01 கிராம் பிசகினாலும் விடையில் அரைச் சதவீத வழுகூட ஏறாது.

விடையை எழுதும்போது 1.66 × 10⁻⁸ ஓம் மீற்றர் என்பதோடு அளந்த வெப்பநிலையையும், விட்டத்தை அல்லது திணிவை எந்தக் கருவியால் பெற்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.